வெட்டுப்புழுவும் உழவரும்

அரசர்கள் தமக்குள் நடத்திய போர்களை நம் பிள்ளைகள் ஆண்டு தவறாமல் படிக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று நானும் அவற்றைக் கற்பித்தவன்தான். உழவன் தன் தோட்டத்தில் புழுக்களோடு நடத்தி வந்த போரோ, நான் கற்பித்த எந்தப் புத்தகத்திலும் இடம் பெறவில்லை. அதற்கு வெற்றித் தூணும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆயினும் நாம் உண்ணும் சோறும் உடுக்கும் துணியும் அந்தப் போரின் முடிவைப் பொறுத்தே நமக்குக் கிடைக்கின்றன. அப்போரின் ஒரு சிறு பகுதியை, வெட்டுப்புழு என்னும் ஒரே பகைவனைப் பற்றிய பகுதியை, இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் பெருமாநல்லூர். திருப்பூருக்கு வடக்கே, கோயம்புத்தூரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்தைத் தோட்டம் என்றும், மழையை நம்பிய நிலத்தைக் காடு என்றும் சொல்வது கொங்கு நாட்டு வழக்கு. என் இளமையில் தோட்டங்களில் பருத்தியும் மிளகாயும் கத்தரியும் விளைந்தன. காடுகளில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளைந்தன. இன்று அந்த நிலங்களில் பல பனியன் கம்பெனிகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய தோட்டங்களிலும், மொட்டை மாடிகளில் புதிதாகத் தோன்றியுள்ள காய்கறித் தொட்டிகளிலும் பழைய பகைவன் இன்னும் இருக்கிறான்.

மாலையில் நட்ட நாற்று காலையில் தரையோடு சாய்ந்து கிடக்கும். கத்தியால் அறுத்தது போல் தண்டு துண்டிக்கப்பட்டிருக்கும். இலையில் சேதம் அதிகம் இராது. அக்கம்பக்கத்தில் எந்தப் புழுவும் கண்ணுக்குத் தென்படாது. சிறுவனாக இருந்தபோது இப்படி வரிசையாகச் சாய்ந்து கிடந்த மிளகாய் நாற்றுகளைக் கண்டு நான் திகைத்து நின்றேன். என் அப்பாரு, அதாவது தந்தையின் தந்தை, "வெட்டுனவன் தூரமாப் போயிருக்க மாட்டான் கண்ணு; செடி மூட்டுலயேதான் படுத்திருப்பான். தோண்டிப் பாரு" என்றார். இரண்டு விரற்கடை ஆழம் கிளறியவுடன், கரிய சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போல் மினுமினுக்கும் உடலோடு, வளையமாகச் சுருண்ட ஒரு புழு வெளிப்பட்டது. இரவில் வெட்டுவதும் பகலில் வெட்டிய இடத்திலேயே மண்ணுக்குள் உறங்குவதும் அதன் இயல்பு. எழுத்தறியாத அப்பாருவுக்கு அந்த இயல்பு தெரிந்திருந்தது.

இந்தப் புழு ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளை. 'அக்ரோட்டிஸ் இப்சிலான்' என்பது அதன் அறிவியற்பெயர். இதில் 'இப்சிலான்' என்னும் சிற்றினப் பெயரை 1766-ஆம் ஆண்டில் ஹுப்நாகல் என்பவர் இட்டார். உலகின் பெரும்பகுதியில் இது பரவியுள்ளது. தாய் அந்து களைச்செடிகளின் இலைகளிலும் ஈர மண்ணிலும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சில நாள்களில் முட்டை பொரியும். இளம் புழு முதலில் இலையைச் சுரண்டித் தின்னும். வளர வளர மண்ணுக்குள் புகுந்து, இரவில் மட்டும் வெளிவந்து தண்டை வெட்டும். மூன்று நான்கு வாரங்களில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை வளர்ந்து, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, பின்னர் அந்தாகப் பறந்து செல்லும்.

பள்ளித் தோட்டத்தில் அகப்பட்ட புழு ஒன்றை மாணவர்கள் மண்ணோடு ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தார்கள். சில நாள் கழித்து அந்து வெளிவந்த காலையில் ஒரு மாணவி, "இதுதானுங்களா சார் செடிய வெட்டுச்சு?" என்று கேட்டாள். அந்து தேனைத் தவிர வேறொன்றும் உண்ணாது. அதன் வாய் வெட்டுவதற்கு உதவாது. வெட்டுவது பிள்ளை, முட்டையிடுவது தாய். ஒரே உயிர் நான்கு உருவங்களில் வாழ்கிறது. எந்த உருவத்தை எந்த வேளையில் மடக்குவது என்பதே இப்போரின் நுட்பம் முழுவதும்.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். நம் நாட்டில் வெட்டுப்புழு என்ற பெயரால் இரண்டு புழுக்களை அழைக்கிறோம். மேலே சொன்னது கருப்பு வெட்டுப்புழு. மற்றொன்று புகையிலை வெட்டுப்புழு. அறிவியலார் முன்பு 'புரோடீனியா' என்றும் இன்று 'ஸ்போடாப்டிரா' என்றும் வழங்குவது இதனையே. இது புகையிலை, ஆமணக்கு, நிலக்கடலை, பருத்தி முதலிய பயிர்களின் இலைகளைச் சல்லடையாக்கும்; நாற்றங்காலில் இளந்தண்டையும் கடிக்கும். இதன் தாய் முட்டைகளைக் குவியலாக இட்டுப் பழுப்பு மயிரால் மூடிவிடும். பொரிந்த குஞ்சுகள் சில நாள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து, பின்னரே பிரிந்து செல்லும். முன்னதன் முட்டைகள் சிதறிக் கிடப்பதால் கையால் பொறுக்குவது கடினம். பின்னதன் முட்டைக்குவியல் உள்ள ஓர் இலையைக் கிள்ளி எறிந்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே நொடியில் ஒழிந்துபோகும். பெயர் ஒன்றென்று எண்ணி வைத்தியமும் ஒன்றென்று கொள்பவர் இந்த வாய்ப்பை இழக்கிறார்.

சாய்ந்த நாற்றெல்லாம் புழு வெட்டியதும் அன்று. தண்டு நீர்க்கோத்து, அழுகி, இழைபோல் மெலிந்து சாய்ந்திருந்தால் அது பூசணத்தால் வரும் நாற்றழுகல். நீரைக் குறைப்பதே அதற்கு மருந்து. செடி நின்றபடியே வாடி, இழுத்தவுடன் வேரில்லாமல் கையோடு வந்தால் அது வண்டினத்தின் வெள்ளை வேர்ப்புழு. தண்டில் மண் பூச்சு இருந்தால் கரையான். வெட்டுவாய் புதிதாகவும் தெளிவாகவும் இருந்து, அருகே ஒரு சிறு துளையும், அதற்குள் பாதி இழுக்கப்பட்ட இலையும் காணப்பட்டால் மட்டுமே அது நம் பகைவன். குற்றவாளி இன்னார் என்று தெளியாமல் தண்டனை விதிப்பது வயலிலும் நீதியாகாது.

இதற்கு வரலாற்றில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் பகுதியில் மண்ணில் வாழும் புழுக்கள் பயிரைப் பேரளவில் அழித்தன. மக்கள் சமய நீதிமன்றத்தில் அவற்றின் மீது வழக்குத் தொடுத்தனர். முறைப்படி விசாரணை நடந்து, புழுக்களைச் சபித்துத் தீர்ப்பும் கூறப்பட்டது. அவை வெட்டுப்புழுக்களே என்று சில நூலாசிரியர்கள் எழுதுகின்றனர். வண்டின் புழுக்கள் என்பர் வேறு சிலர். தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. குற்றவாளி யார் என்பதுதான் இன்றுவரை முடிவாகவில்லை!

நம் முன்னோர் வழக்காடவில்லை, உழுதார்கள். கோடை மழை பெய்ததும் நிலத்தைப் புரட்டி வெயிலில் காயவிட்டார்கள். மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் மடிந்தன. எஞ்சியவற்றை ஏர் பின்னே நடந்து வந்த மைனாவும் கொக்கும் காகமும் பொறுக்கின. உழுத மண்ணைக் காயவிடுவதன் சிறப்பைத் திருக்குறள் உழவு அதிகாரத்திலேயே கூறியிருக்கிறது. நடவுக்குப்பின் இரவில் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்து புழுக்களைப் பொறுக்கினார்கள். பிடுங்கிய களையை மாலையில் சிறு குவியல்களாக ஆங்காங்கே வைத்து, விடியற்காலையில் புரட்டி, அடியில் ஒதுங்கியிருந்த புழுக்களை அழித்தார்கள். வரப்போரத்தில் ஆமணக்கு நட்டு, புகையிலைப் புழுவின் அந்துகளை அங்கே வரவழைத்தார்கள். இவை அனைத்திற்கும் செலவு குறைவு. உழைப்பும் ஊர்க்கட்டுப்பாடும் மிகுதியாகத் தேவைப்பட்டன.

இந்த வழக்கறிவோடு ஏட்டறிவு வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னைச் சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அதுவே வளர்ந்து 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. கோயம்புத்தூரில் மாகாணப் பூச்சியியலாராகப் பணியாற்றிய பெயின்பிரிக் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலை 1914-இல் வெளியிட்டார். அவருக்குப் பின்வந்த டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940-இல் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றி ஒரு கைநூல் எழுதினார். எந்தப் பூச்சி, எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில், எந்த உருவில் என்று படத்தோடு வகுத்துச் சொன்ன நூல்கள் இவை. எழுதப்படாத அறிவு ஓர் ஊரோடு நின்றுவிடும். எழுதப்பட்டது மாகாணம் முழுவதும் பரவும்.

வெட்டுப்புழுவோடு இந்திய அறிஞர்கள் நடத்திய பெரிய போர் ஒன்று பீகாரில் நிகழ்ந்தது. கங்கையின் தென்கரையில், ஜிம் கார்பெட் பல ஆண்டுகள் வேலை பார்த்த மொகாமே என்னும் ஊரை அடுத்து, 'தால்' எனப்படும் தாழ்நிலம் பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் எக்டேர். மழைக்காலத்தில் அது கடல்போல் நீரில் மூழ்கியிருக்கும். நீர் வடிந்ததும் அந்த வண்டல் மண்ணில் கடலையும் மசூரும் பட்டாணியும் விதைப்பார்கள். நீர் வடியும் அதே வேளையில் அந்துகளும் வந்து சேரும். முளைத்த பயிர் முழுவதையும் புழு வெட்டி வீழ்த்தும். மறுபடி விதைத்தாலும் மறுபடி வெட்டும். 1912-ஆம் ஆண்டையொட்டி உட்ஹவுஸ் என்னும் அறிஞரும், நாம் முன்பு கண்ட பிளெட்சரும் இதை ஆராய்ந்து எழுதினர். புழுவைப் பொறுக்கச் செய்ததோடு, எகிப்திலிருந்து வந்த 'ஆண்ட்ரெஸ்–மேர்' என்னும் பொறிகளையும் வயலில் வைத்தனர். மணமுள்ள திரவத்தால் அந்துகளைக் கவர்ந்து கொல்லும் பொறி அது. முதல் தலைமுறைத் தாயைப் பிடித்தால் அடுத்த தலைமுறை முழுவதும் குறைந்துவிடும் என்பது அதன் உட்கருத்து. புழு நிலத்தில் பரவிய பிறகு துரத்துவதைவிட, அந்து வரும் வாரத்தில் வாயிலில் காத்திருப்பது மேல் என்ற உண்மை அங்கே தெளிவாயிற்று.

நீரில் மூழ்கிய நிலத்திற்கு அந்துகள் எங்கிருந்து வருகின்றன? மண்ணில் புதைந்திருந்த கூட்டுப்புழுக்கள் அத்தனை நாள் வெள்ளத்தில் உயிரோடு இருக்க இயலாது. வட இந்தியச் சமவெளியின் கோடையைத் தாங்காமல் அந்துகள் மலைகளுக்குச் சென்று, குளிர்காலத்தின் முன்னே திரும்புகின்றன என்ற கருத்தைப் பிளெட்சர் முன்வைத்து, வலசை போதலும் பூச்சிப் பெருக்கத்திற்கு ஒரு காரணம் என்று 1925-இல் எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்காவிலும் சீனாவிலும் நடந்த ஆய்வுகள் இந்த அந்து நெடுந்தொலைவு பறக்கக் கூடியது என்பதை உறுதி செய்தன. இதன் உறவினமான 'போகாங்' அந்து ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சமவெளியை விட்டுப் பறந்து, பனிமலைக் குகைகளில் கோடையைக் கழிக்கிறது. அந்நாட்டுத் தொல்குடி மக்கள் அங்கே கூடி அதனை வறுத்து உண்டு விழா எடுத்தனர். எனவே வெட்டுப்புழு ஒரு தோட்டத்தின் பகை மட்டும் அன்று. என் வேலியைக் காத்துக்கொண்டால் போதும் என்று ஓர் உழவன் தனியே இருந்துவிட முடியாது.

'தனியே முடியாது' என்ற அந்த உண்மையைச் சட்டமாக்கிப் பார்த்தது நம் சென்னை மாகாணம். 1919-ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம், இந்திய மாகாணங்களில் இவ்வகையில் முதலாவது. வெட்டுப்புழுவுக்கென்று பிறந்த சட்டம் அன்று அது. ஆயினும் எங்கள் பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோவை மாவட்டத்துக் கிணற்றுத் தோட்டங்களில் விரைவாகப் பரவிற்று. பறித்து முடித்த செடியைப் பிடுங்காமல் அடுத்த பருவம் வரை விட்டு வைத்தவரின் தோட்டத்தில் தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் தங்கிப் பெருகின. ஆகஸ்டு முதல் தேதிக்குள் பழைய செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று இச்சட்டத்தின் கீழ் விதித்தார்கள். பூச்சிக்கு உணவில்லாத ஓர் இடைவெளியை ஊர் முழுவதும் ஒரே காலத்தில் உண்டாக்குவதே அதன் நோக்கம். நஞ்சு ஒரு துளியும் இல்லாத கட்டுப்பாடு இது.

பின்னர் நிலைமை மாறிற்று. கவலையும் ஏற்றமும் போய், மின்மோட்டார் வந்தது. எங்கள் ஊர் உழவருக்கு மின்சாரம் உயிரோடு ஒட்டியது. 1970-ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் மூன்று உழவர்கள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். மோட்டாரால் ஆண்டு முழுவதும் ஈரமும் பசுமையும் தோட்டத்தில் நிலைத்தன. உழவனுக்கு அது வாழ்வு. புழுவுக்கும் அது இடைவிடாத விருந்தாயிற்று. கோடைக் காய்ச்சலும் ஆகஸ்டு இடைவெளியும் மறைந்த இடத்தில் நஞ்சு வந்து உட்கார்ந்தது.

நஞ்சு முன்பும் இருந்தது. தவிட்டில் 'பாரிஸ் பச்சை' என்னும் செம்பும் பாஷாணமும் சேர்ந்த பொடியைக் கலந்து, இனிப்பூட்டி, மாலையில் வயலில் இறைப்பது மேனாட்டாரின் பழைய முறை. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் பால் முல்லர் கண்டறிந்து, 1948-இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் மூட்டை மூட்டையாகக் கிராமங்களுக்கு வந்தன. துணிப்பையில் பொடியைக் கட்டிச் செடிகளின் மேல் தட்டிக்கொண்டே போவார்கள். மூக்கை மூடும் வழக்கம் இல்லை. 1958-ஆம் ஆண்டில் பரத்தியான் என்னும் நஞ்சு கோதுமை மாவில் கலந்து, கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரம்தான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு வழி கோலிற்று. வேளாண்மையில் டி.டி.டி. 1989-இலும், எண்ட்ரின் 1990-இலும், பி.எச்.சி. 1997-இலும் விலக்கப்பட்டன. 2011-இல் உச்சநீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தது. ஒரு காலத்தில் மருந்து என்று நாம் கொண்டாடியவை ஒவ்வொன்றாகக் குற்றக்கூண்டில் ஏறின.

வெட்டுப்புழுவைப் பொறுத்தவரை பகலில் தெளிக்கும் நஞ்சுக்குப் பயனும் குறைவு. நண்பகலில் மருந்து இலைமேல் விழுகிறது. முதிர்ந்த புழுவோ மண்ணுக்குள் உறங்குகிறது. மாறாக, அதன் உடலில் முட்டையிடும் குளவியும், அதனைத் தின்னும் தரைவண்டும், தேரையும், ஏர் பின்னே வந்த பறவையும் நஞ்சுக்கு இரையாகின்றன. பகைவனை விட்டுவிட்டு நம் படையை நாமே கொல்வது இது.

ஆகவே இன்று வேளாண் அறிஞர்கள் கூறும் முறை, பழைய வழக்கும் புதிய அறிவும் கலந்த முறையாகும். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே உழுது களையை நீக்குக. முட்டையிட இடமும் இளம்புழுவுக்கு உணவும் இல்லாது போகும். நன்கு மக்கிய எருவையே இடுக. நாற்றுகளைச் சற்று முதிர்ந்த பின் நடுக. தடித்த தண்டை வெட்டுவது புழுவுக்கு அரிது. வீட்டுத் தோட்டமாயின் ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் தடித்த காகிதத்தால் ஒரு வளையம் செய்து, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியேயுமாகப் பதித்து வைக்க. தோட்டத்தில் நீர் பாய்ச்சும்போது மண்ணிலிருந்து வெளியேறும் புழுக்களைப் பறவைகளும் கோழிகளும் பொறுக்க விடுக. விளக்குப் பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்து அந்தின் வருகையை அறிக. இவற்றிற்கும் அடங்காவிடில் மட்டும் வேளாண் அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், மாலையில் இடுக.

இம்முறைகளில் எதுவும் கடினமானதன்று. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் கண்ணை நம்பி நிற்கின்றன. எங்கள் வட்டாரத்தில் பலருடைய கண்ணும் இன்று தையல் இயந்திரத்தின் ஊசிமுனையில் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் அது. ஆனால் மண்ணைக் கிளறிப் புழுவைக் காட்டக்கூடிய முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். மாடியில் நான்கு தக்காளிச் செடி வைக்கும் இளைஞர், ஒரு நாற்று சாய்ந்தவுடன் கடைக்கு ஓடுகிறார். என்ன புழு என்று அவரும் சொல்வதில்லை; கடைக்காரரும் கேட்பதில்லை. ஒரு புட்டி கைமாறுகிறது. அந்தத் தக்காளியைப் பறித்துத் தின்னப்போவது அவருடைய குழந்தை.

பெர்ன் நகரத்தார் குற்றவாளியை அறியாமல் சாபமிட்டனர். அதனால் புழுவுக்கும் கேடில்லை, மனிதருக்கும் கேடில்லை. நாம் அறியாமல் இடுவது நஞ்சு. அது வீண்போகாமல் எங்கேனும் ஓர் உயிரைத் தாக்கவே செய்யும். ஆதலின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. சாய்ந்த நாற்றைக் கண்டால் பிள்ளையை அழைத்து, அதன் அடியில் இரண்டு விரற்கடை மண்ணைக் கிளறச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அது தன் கண்ணால் காணட்டும். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.